சுழல்வீழ்ச்சியும் வலவர் பயிற்சியும்

சிறு வானூர்தி ஓட்டப் பயில்வோர்க்குச் சுழல்வீழ்ச்சியை வானத்திற் செய்துகாட்டியே கற்பித்தல் வேண்டுமா, அன்றி அதனைப்பற்றிச் சொல்லி விளக்கினாலே போதுமா என்னும் வழக்கு அமெரிக்க நாட்டில் 1949-ஆம் ஆண்டில் தொடங்கியது; இன்றும் முடிந்தபாடில்லை. அவ்வாண்டில் அந்நாட்டு வானூர்தி ஆட்சித்துறை, தனியார் வலவர் உரிமம் பெறுவோர் சுழல்வீழ்ச்சியிற் புகுந்து மீண்டு காட்டல் வேண்டும் என்றிருந்த விதியை நீக்கிற்று. பயிற்றுநராக விரும்புவோர்க்கு மட்டும் அஃது எஞ்சி நின்றது. பிறர்க்கெல்லாம் அதனைப்பற்றி அறிந்திருத்தலே போதும் என்பது அதன்பின் வேரூன்றிய கொள்கை. இக்கொள்கை அரைகுறையானது என்பதே எம் கருத்து. மொழியாசிரியனுக்கு வானூர்தியில் என்ன வேலை என வினவுவார் வினவுக. கற்பித்தல் எமக்கும் தொழிலே. அறிதலுக்கும் கைவருதலுக்கும் இடையே உள்ள தொலைவை முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நாள்தோறும் அளந்து வருகின்றவன் அதுபற்றி இரண்டு சொல் சொல்லலாம்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். வானூர்தி ஓட்டுபவனை ஈண்டு வலவன் என்கிறோம். புறநானூற்றின் 27-ஆம் பாட்டு வானவூர்தியைச் செலுத்துவோனுக்கு அச்சொல்லையே ஆள்கின்றது. அதுகொண்டு பழந்தமிழர் வானூர்தி செய்து பறந்தனர் என முழங்குவாரும் உளர். அது வேண்டாத பெருமை. சொல் இருக்கின்றது, அதுவே நமக்குப் போதும். ஆங்கிலர் 'இசுட்டால்' என்பதனை யாம் ஏந்தலிழப்பு என்றும், 'இசுப்பின்' என்பதனைச் சுழல்வீழ்ச்சி என்றும் வழங்குவோம். இது வெறுஞ் சொல்லாக்க விருப்பத்தாற் செய்வதன்று. ஆங்கிலத்தில் அந்த முதற்சொல் உந்துவண்டியின் பொறி திடுமென நின்றுபோவதற்கும் வழங்குகின்றது. ஆதலால் வானூர்தி அந்நிலைக்கு ஆட்பட்டு வீழ்ந்தது என்னும் செய்தியைப் படிக்கின்ற ஆங்கிலருள்ளும் பலர் பொறி நின்றுவிட்டது போலும் என்றே எண்ணுகின்றனர். உண்மை முற்றிலும் வேறு.

வானூர்தியைத் தாங்குவது பொறியன்று, சிறகு. சிறகின் மேற்புற வளைவை ஒட்டிக் காற்று வழுவாது ஓடும்வரை அது தன் மேலுள்ள சுமையை ஏந்தும். சிறகின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால், அக்கோட்டிற்கும் எதிர்வரும் காற்றிற்கும் இடைப்பட்ட கோணமே ஏற்கோணம். காற்றை ஏற்கும் கோணம் என்க. ஓடும் பேருந்தின் பலகணிவழியே கையை நீட்டிச் சற்றே சாய்த்துப் பிடிக்கும் சிறுவன் கை மேலே தூக்கப்படுவதை உணர்வான். (நீட்டற்க, எம் மாணவரைக் கண்டிக்கும் செயலை இங்கே எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லுகிறோம்.) கையை மேலும் மேலும் சாய்த்தால் ஒரு நிலையில் தூக்கல் நின்று பின்னுக்குத் தள்ளல் மட்டுமே எஞ்சும். சிறகிலும் அவ்வாறே. ஏற்கோணம் மிகுந்தோறும் ஏந்துவிசையும் மிகும், ஏறத்தாழ 15 முதல் 18 பாகை வரையான ஓர் எல்லையைத் தாண்டியதும் காற்று மேற்புறத்தை விட்டுப் பிரிந்து கலங்கும், ஏந்துவிசை குலையும். அதுவே ஏந்தலிழப்பு. பொறி முழுவிசையோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதும் அது நேரும். பொறியே இல்லாத மிதவையூர்தியிலும் நேரும்.

விரைவு குறைந்தால் ஏந்தலிழப்பு நேரும் என்று பயிற்சிப் பள்ளிகளிற் சொல்வது பாதி உண்மை. விரைவு குறையக் குறைய, அதே சுமையை ஏந்த ஏற்கோணத்தைக் கூட்ட வேண்டியிருப்பதால் எல்லை நெருங்குகின்றது, அவ்வளவே. திரும்பும்போது கணக்கு மாறுகின்றது. உயரங் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும் வானூர்தியின் சிறகு தன் எடையைப்போல் 1.41 மடங்கு சுமையை ஏந்துகின்றது. 60 பாகை சாய்ந்தால் இரு மடங்கு. நேரே பறக்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஏந்தலிழக்கும் வானூர்தி, 45 பாகைச் சாய்வில் 119 கிலோமீட்டரிலும், 60 பாகைச் சாய்வில் 141 கிலோமீட்டரிலும் ஏந்தலிழக்கும். விரைவுகாட்டியின் ஓர் எண்ணை மட்டும் மனத்திற் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் இருக்கும்வரை இடரில்லை என்று நம்பியிருப்பவனை அவ்வெண்ணே ஏமாற்றிவிடும்.

இனிச் சுழல்வீழ்ச்சி. ஏந்தலிழக்கும் நேரத்தில் வானூர்தி ஒருபுறமாகத் திருகிக்கொண்டிருந்தால் இரு சிறகுகளும் ஒருபடித்தாக ஏந்தலிழப்பதில்லை. ஒன்று மிகுதியாக இழக்கும். மற்றது குறைவாக இழக்கும். மிகுதியாக இழந்தது தாழ்கின்றது. தாழ்தலால் அதன் ஏற்கோணம் மேலும் கூடுகின்றது. கூடுதலால் மேலும் இழக்கின்றது. இவ்வாறு தன்னைத்தானே ஊட்டிக்கொள்ளும் சுழற்சி தொடங்கிவிடுகின்றது. வானூர்தி மூக்கைக் கீழே நட்டுத் திருகாணிபோற் சுழன்று இறங்கும். அப்போது விரைவுகாட்டி குறைந்த விரைவையே காட்டும் என்பது நினைவில் இருத்தத் தக்கது. விரைவு ஏறிக்கொண்டே போனால் அது சுழல்வீழ்ச்சியன்று. வளைந்து பாயும் வேறொரு நிலை. அதற்கு மீட்சி வேறு.

இவ்விடர் வானூர்தியினும் மூத்தது. செருமானியர் ஆட்டோ இலிலியந்தால் 1891 முதல் ஏறத்தாழ ஈராயிரம் முறை சிறகு கட்டி மிதந்தவர். 1896 ஆகசுட்டு 9-ஆம் நாள் அவருடைய மிதவையூர்தி காற்றில் ஏந்தலிழந்து ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் இறந்தார். அவருக்கு நேர்ந்தது தமக்கு நேராதிருக்க வேண்டும் என்று கருதியே அமெரிக்காவின் இரைட்டு உடன்பிறந்தார் ஏற்றமடலை வாலில் வைக்காது முன்னே வைத்தனர். ஆயினும் 1902-இல் மணல்மேடுகளிற் பழகியபோது, ஒரு சிறகு தாழ்ந்து மணலிற் குத்த ஊர்தி அதனைச் சுற்றிச் சுழல்வதைப் பலமுறை கண்டனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிணறு தோண்டல்'. எவ்வளவு நேரான பெயர்! கண்டதைக் கண்டபடி சொல்லும் உழவன் வாயிலிருந்து பிறந்தது போன்றது.

சுழல்வீழ்ச்சியிற் சிக்கியவர் மீள்வதில்லை என்பதே பறத்தலின் முதற் பத்தாண்டில் பலரின் எண்ணமாக இருந்தது. 1912 ஆகசுட்டு 25-ஆம் நாள், இங்கிலாந்தின் சாலிசுபரி வெளியில், வில்பிரட் பார்க்கு என்னும் கடற்படை அலுவலர் ஓர் ஆவ்ரோ வானூர்தியில் சுழலத் தொடங்கினார். பொறியின் விசையைக் கூட்டினார். பிடிகோலைப் பின்னே இழுத்தார். சுழலும் பக்கமே வால்மடலைத் திருப்பினார். ஒன்றும் பயன்படவில்லை. நிலம் ஏறத்தாழ 50 அடி தொலைவில் இருந்தபோது வால்மடலை எதிர்ப்புறம் முற்றத் திருப்பினார், சுழற்சி நின்றது, உயிர் தப்பினார். அவருடைய பெருமை தப்பியதில் இல்லை. இறங்கியவுடன் தாம் செய்தவற்றை வரிசை பிறழாமற் சொன்னதில் இருக்கின்றது. அவ்வாண்டின் இறுதித் திங்களில் அவர் வேறொரு வீழ்ச்சியில் இறந்தார். அவர் சொன்னது இறக்கவில்லை. 1917-இல் பார்ன்பரோவில் இலிண்டெமன் என்னும் இயற்பியலார், இதற்காகவே வானூர்தி ஓட்டக் கற்று, தாமே வேண்டுமென்று சுழன்று வீழ்ந்து, அளவுகளைச் சுழற்சியினூடே நினைவிற்கொண்டு வந்து இந்நிகழ்வை ஆராய்ந்தார். அறிவியல் என்பது இருக்கையில் அமர்ந்து எழுதுவது மட்டுமன்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை எம் மாணவர்க்கு யாம் சொன்னதில்லை.

இன்று மீளும் முறை எல்லா நூல்களிலும் அச்சாகியிருக்கின்றது. பொறியின் விசையை முற்றத் தணி. சிறகுமடல்களை நடுநிலையில் வை. கப்பலின் சுக்கானை ஒத்த வால்மடலைச் சுழற்சிக்கு எதிராக முற்றத் திருப்பு. பிடிகோலை முன்னே தள்ளு. சுழற்சி நின்றதும் வால்மடலை நடுவே கொணர்ந்து மெல்ல எழுப்பு. வானூர்திக்கு வானூர்தி சிறு வேறுபாடு உண்டு. அதனதன் கையேட்டைப் பார்க்க வேண்டும். நான்கு நூற்பா அளவே உள்ள இதனை ஒரு நாளில் மனப்பாடம் செய்யலாம். மனப்பாடம் செய்தவன் மீள்வானா?

இங்கேதான் எம் தொழிலின் பட்டறிவு குறுக்கிடுகின்றது. புணர்ச்சி நூற்பாவைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் மாணவன், அடுத்த மணித்துளியில் எழுதும் தொடரில் வல்லெழுத்தை விட்டுவிடுகின்றான். அவனுக்கு விதி தெரியாமல் இல்லை. விதி கைக்கு இறங்கவில்லை. இலக்கணப் பிழைக்குச் செங்கோடு இடுவோம். வானத்தில் அவ்வாறு திருத்தித் தருவார் இலர். மேலும் இவ்விடத்தில் உடல் சொல்லும் வழியெல்லாம் பிழையான வழி. மூக்கு கீழே போனால் மேலே இழு என்கின்றது உடல். இழுத்தால் ஏற்கோணம் இன்னும் கூடி ஏந்தலிழப்பு நிலைபெறும். ஒரு சிறகு தாழ்ந்தால் சிறகுமடலால் அதனைத் தூக்கு என்கின்றது கை. அம்மடல் கீழிறங்கி அச்சிறகின் ஏற்கோணத்தையே கூட்டி அதனை மேலும் வீழ்த்தும். வுல்பகாங்கு இலாங்கவீசு என்பார் 1944-இல் 'கோலும் வால்மடலும்' எனப் பொருள்படும் பெயரில் வெளியிட்ட நூலில் இதனையே மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார்: நிலம் எதிரே எழும்பி வரும்போது கோலை முன்னே தள்ளத் துணிவது இயற்கைக்கு மாறு, ஆயினும் அதுவே உயிர்வழி.

பெரிய வானூர்தி வலவரும் இதற்கு விலக்கல்லர். 2009 பிப்பிரவரி 12-ஆம் நாள் அமெரிக்காவின் பபலோ நகரருகே, முன்னறிவிப்பாகப் பிடிகோல் அதிர்ந்தபோது வலவர் அதனைப் பின்னே இழுத்தார்; 50 பேர் மாண்டனர். அதே ஆண்டு சூன் 1-ஆம் நாள் பிரெஞ்சு வானூர்தி ஒன்று ஏறத்தாழ 38,000 அடி உயரத்தில் ஏந்தலிழந்து, மூன்றரை மணித்துளி அளவு வீழ்ந்து அட்லாண்டிக்குப் பெருங்கடலில் மூழ்கியது. 228 பேர் மாண்டனர். அங்கும் வீழ்ச்சியின் பெரும்பகுதியில் கோல் பின்னேயே இழுக்கப்பட்டிருந்தது. பொறிகள் இரண்டும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அவ்வலவர்க்கு ஏந்தலிழப்பு என்றால் என்னவென்று தெரியாது என எவரும் சொல்லமாட்டார்.

எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் வடபுலத்துப் பறத்தற் பள்ளியொன்றிற் சேர்ந்து விடுமுறைக்கு வந்திருந்தார். பேச்சு இதில் வந்து நின்றது. "முதற் கிழமை முழுதும் பொறி நின்றுபோவதைத்தான் சொல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா" என்றார். "எப்பொழுது தெளிந்தாய், தம்பி?" என்றேன். "மூக்கு விழுந்தபோது நான் கோலை இழுத்தேன். பயிற்றுநர் என் கையைத் தட்டிவிட்டு முன்னே தள்ளினார். அன்றைக்குத்தான் ஐயா." நூலில் நூறு பக்கம் படித்தவரைத் தெளிவித்தது அந்த ஒரு தட்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதை வானூர்தி நூலாரும் ஒப்புவர்.

ஆயினும் பயிற்சியில் அவர் கண்ட ஏந்தலிழப்பும் ஆளைக் கொல்லும் ஏந்தலிழப்பும் ஒன்றல்ல. பயிற்சியில் உயரே சென்று, நேரே நோக்கி, சிறகுகளை மட்டமாக வைத்து, விரைவை மெல்லக் குறைத்து, மூக்கு வானை நோக்கி எழுந்து நிற்க, முன்னறிவிப்பு ஒலி ஊத, எல்லாரும் காத்திருக்கும்போது நேர்வது அது. கொல்வதோ ஓடுதளத்தை நோக்கிய கடைசித் திருப்பத்தில் நேர்வது. பின்காற்றுத் தள்ள, வலவன் ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுகின்றான். தாழ்வான உயரத்தில் மிகச் சாயக்கூடாது என்று சொல்லி வைத்திருப்பதால் சாய அஞ்சி, காலால் வால்மடலை உட்புறம் அழுத்தி மூக்கைத் திருப்புகின்றான். வெளிச்சிறகு விரைந்து சாய்வைக் கூட்ட, கை தன்னறியாமல் சிறகுமடலை எதிர்ப்புறம் பிடிக்கின்றது. மூக்கு தாழ, கோலைச் சற்றே இழுக்கின்றான். மூக்கு வானை நோக்கவில்லை. ஓடுதளமும் கண்ணெதிரே இருக்கின்றது. இடர் என்று அவனுக்குத் தோன்ற ஒன்றுமில்லை. உட்சிறகு ஏந்தலிழக்கின்றது. அடுத்த நொடியில் வானூர்தி தலைகுப்புறுகின்றது.

அப்போது உயரம் 500 அடி இருக்கும்; குறைவாகவும் இருக்கும். பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாக வழங்கும் செசுனா வகை வானூர்தியின் கையேடு, ஒரு சுற்றுச் சுழன்று மீள்வதற்குக் குறைந்தது 1000 அடி வேண்டும் என்கின்றது. புறப்பட்டவுடன் பொறி நின்றால், நேரே எதிரில் கிடைத்த வயலில் இறங்காமல் ஓடுதளத்திற்கே திரும்ப முயல்வோர்க்கும் இதே முடிவு நேர்கின்றது.

1949-இல் விதியை நீக்கியவர்கள் இக்கணக்கைத்தான் எடுத்துக் காட்டினர். உயிர்கொல்லும் சுழல்வீழ்ச்சிகளிற் பெரும்பாலானவை மீளவே உயரமில்லாத இடத்தில் நேர்கின்றன. ஆகவே மீளக் கற்பிப்பதனால் பயனில்லை. நெருங்காதிருக்கக் கற்பிப்போம் என்றனர். சுழன்று காட்டும் பயிற்சியிலேயே சிலர் இறப்பதும், அதற்கு அஞ்சிப் பலர் பறத்தலையே கைவிடுவதும் உண்டென்றனர். சுழல இயலாத வானூர்தி செய்ய ஆக்குநர் முன்வருவர் என்றும் எதிர்பார்த்தனர். இவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. பின்வந்த வானூர்திகள் முன்னவற்றினும் அடங்கியவை என்பதையும் சுழல்வீழ்ச்சிச் சாவுகள் குறைந்தன என்பதையும் யாம் மறுக்கவில்லை.

ஆனால் அவர்கள் ஒன்றை மறந்தனர். மேலே 5000 அடியில் சுழன்று கற்பது, கீழே 500 அடியில் சுழன்று மீள்வதற்காக அன்று. சுழற்சி எவ்வாறு தொடங்குகின்றது என்பதைக் கண்ணும் காலும் இருக்கையும் ஒருமுறை உணர்ந்துவிட்டால், அத்தொடக்கத்தின் தொடக்கத்தையே உடல் அடையாளங் கண்டுகொள்ளும். காலின் பிழையான அழுத்தத்தைக் காலே உணரும். பாம்பைப் படத்திற் கண்டவனுக்கும் வரப்பிற் கண்டவனுக்கும் உள்ள வேறுபாடு இது. நெருங்காதிருக்கக் கற்பிப்போம் என்றவர்கள், எதனை நெருங்கக்கூடாது என்பதைக் காட்டாமலே கற்பிக்க முற்பட்டனர். அதனினும் தீது, கடைசித் திருப்பத்தின் அந்தக் குறுக்குமறுக்கான ஏந்தலிழப்பைப் போதிய உயரத்தில் செய்துகாட்டாமல் மட்டச்சிறகு ஏந்தலிழப்போடு மனநிறைவு கொள்ளும் பயிற்றுநர் பலர் இருப்பது. பயிற்றுநருக்கு மட்டும் சுழற்பயிற்சி என்பதும், உரிமம் பெறுதற்பொருட்டு ஓரிரு முறை சுழன்று கையொப்பம் வாங்கும் சடங்காகத் தேய்ந்துபோகக் கூடியது. தாமே அஞ்சுகின்றவர் பிறர்க்குக் கற்பித்தல் எங்ஙனம்?

கருவிகளாற் சிக்கல் தீரும் என்பாரும் உளர். பிரெடு வீக்கு வடிவமைத்த எர்க்கூப்பு என்னும் சிறு வானூர்தி, ஏற்றமடலின் மேலேற்றத்தைக் கட்டுப்படுத்திச் சுழல இயலாததாகவே 1940-இல் ஒப்புதல் பெற்றது. நல்ல முயற்சி, ஆயினும் பெரும்பாலான ஆக்குநர் அவ்வழியைப் பின்பற்றவில்லை. சிர்ரசு நிறுவனத்தின் வானூர்தியோ சிறகின் முன்விளிம்பைத் திருத்தி, ஊர்தி முழுவதையும் தாங்கி இறக்கும் குடையொன்றையும் வைத்து 1998-இல் ஒப்புதல் பெற்றது. குடை விரிய உயரம் வேண்டும் என்பதை மறவற்க. எமக்கு இவற்றினும் பயனுடையதாகத் தோன்றுவது ஏற்கோணங்காட்டி. எல்லை விரைவில் இல்லை, கோணத்தில் இருக்கின்றது என்றால் கோணத்தைக் காட்டும் கருவியன்றோ முதற்கண் வேண்டும்? அமெரிக்க ஆட்சித்துறை அதனைச் சிறு வானூர்திகளிற் பொருத்தும் நடைமுறையை எளிதாக்கியது 2014-இல்தான். இலிலியந்தால் இறந்து 118 ஆண்டுகள் கழித்து! கருவி காட்டும்; கோலை முன்னே தள்ளுவது கையேயாம்.

பறக்கப் பயிலும் தமிழ் இளைஞர் தம் பள்ளியிற் கேட்க வேண்டுவன சில உள. தாம் ஏறும் வானூர்தி வேண்டுமென்றே சுழல்வதற்கு ஒப்புதல் பெற்றதா என முதலிற் கேட்க. சிலவற்றில் அது விலக்கப்பட்டுள்ளது என்று கருவிப் பலகையிலேயே தகடு பொருத்தியிருப்பர். பொதுவகை ஒற்றைப்பொறி வானூர்தி, ஒரு சுற்றுச் சுழன்றபின் மேலும் ஒரு சுற்றுக்குள் மீண்டால் போதும் என்பதே அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த ஆய்வுவிதி. அதற்கு அப்பால் அது மீளுமா என்பதை ஆக்கியவரும் ஆய்ந்திருக்க வேண்டுவதில்லை. செசுனா 172 போன்றவற்றில் பின்னிருக்கைகள் வெறுமையாக இருக்கும்போது மட்டுமே இப்பயிற்சிக்கு இசைவு உண்டு. பின்னே சுமை மிகுந்தால் சுழற்சி படுத்துப்போய் வால்மடலுக்கு அடங்காது. தோழரைப் பின்னே ஏற்றிக்கொண்டு வேடிக்கை காட்டுவதாகப் பயிற்றுநர் சொன்னால், அன்று ஏறாதிருக்க. மீட்சி முழுதும் நிலத்திலிருந்து 4000 அடிக்குக் குறையாத உயரத்தில் முடிய வேண்டும் என்று கையேடு சொல்லுகின்றது. தொடங்கும் உயரத்தை அதற்கேற்பக் கணக்கிட்டுப் பயிற்றுநரிடம் சொல்லிக் காட்டியபின் புறப்படுக.